லயத்திலிருந்து தனிவீட்டுக்கு: எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும்

இலங்கை மலையகத் தோட்டங்களில் வீடு கேட்டு இறங்கும் குழுக்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. ஒரு மனு எழுதி, லயத்தில் (தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசைக் குடியிருப்பில்) எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, அடுத்த கூட்டத்துக்கு வரும் அரசியல்வாதியின் கையில் கொடுப்பார்கள். படம் எடுப்பார்கள். அப்புறம் இரண்டு வருடம் ஒன்றும் நடக்காது. மனுவில் தப்பு இல்லை. ஆறாவதாகச் செய்ய வேண்டிய வேலையை முதலில் செய்ததுதான் தப்பு.

நுவரெலியா, பதுளை, கண்டி பக்கத் தோட்டங்களில் லயத்தில் இருக்கும் குடும்பங்களுக்காகவும், அவர்களோடு வேலை செய்யும் இளைஞர் கழகம், மாதர் சங்கம், புதிதாக வந்த பிரதேச சபை உறுப்பினர்கள் ஆகியோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் தேவைப்படுபவை

பெரிதாக ஒன்றும் வேண்டாம். கோடு போட்ட பெரிய கொப்பி ஒன்று, எல்லாக் கடிதத்தின் பிரதியையும் போட்டு வைக்க ஒரு ஃபைல், படம் எடுக்க ஒரு போன், தமிழில் ஒழுங்காக எழுதக்கூடிய ஒருவர். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் நல்லது, ஏனென்றால் சுற்றறிக்கைகள் பல நேரம் சிங்களத்தில்தான் முதலில் கைக்கு வரும்.

ஒரு முகவரியும் வேண்டும். தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பி, சில நேரம் தவணை முடிந்த பிறகே வீடு வந்து சேரும். அதனால் டவுனில் நம்பிக்கையான கடை, கோயில், பாடசாலை என்று ஒன்றின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா மனுவிலும் அதே முகவரி இருக்கட்டும்.

1. எது யார் கையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் இடையில். பிரதேச சபை நாம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வது. தவிசாளர், உறுப்பினர்கள் இருப்பார்கள். பிரதேச செயலகம் மத்திய அரசின் அலுவலகம். கிராம உத்தியோகத்தர் அதன் கீழ் வருகிறார். பாதை, வடிகால், தெருவிளக்கு, குப்பை, கட்டட அனுமதி ஆகியவை சபைக்கு. குடும்பப் பதிவு, அனர்த்த நிவாரணம், காணி சம்பந்தமான கடிதப் போக்குவரத்து ஆகியவை செயலகத்துக்கு.

வீட்டைக் கட்டுவது இரண்டும் இல்லை. பெருந்தோட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சு, 2018இல் சட்டம் போட்டு அமைத்த மலையகப் புதிய கிராமங்கள் அதிகாரசபை, தோட்டங்களில் ‘ட்ரஸ்ட்’ என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், இவற்றின் வழியாகத்தான் திட்டங்கள் வருகின்றன. இந்திய உதவி வீடுகளும் அப்படித்தான். முதலில் மலையகத்துக்கு 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் வைத்து மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார் இந்தியப் பிரதமர் மோடி.

காணி இன்னொரு பக்கம். நிலம் அரசுடையது. ஜனவசம என்ற அரச நிறுவனத்தின் அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் பெயரில் இருக்கும்; 1992க்குப் பிறகு பெரும்பாலான தோட்டங்களைக் கம்பனிகள் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. ஆகவே தோட்டத்து மனேஜரான துரை ‘சரி’ என்று வாயால் சொன்னதை வைத்து அத்திவாரம் வெட்டப் போகாதீர்கள். அவருக்கு அந்த அதிகாரம் இல்லை.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். தவறான கதவைத் தட்டினால் ‘இது எங்கள் வேலை இல்லை’ என்ற பதிலோடு ஒரு மாதம் போய்விடும்.

2. குடும்பப் பட்டியல்

மொத்த வேலையில் பாதி இதுதான். இதில் அவசரப்பட்டவர்கள் எல்லோரும் பயனாளித் தெரிவின்போது ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டிருக்கிறார்கள்.

ஆபீஸ் கணக்கில் ஒரு லயத்தில் 6 காம்பரா (ஒரு குடும்பத்துக்கென்று பிரித்த பகுதி), 6 குடும்பம் என்று இருக்கும். உள்ளே போய்ப் பாருங்கள். 4ஆம் காம்பராவில் தாயும் தகப்பனும் முன்னறையில். மூத்த மகன், மனைவி, இரண்டு பிள்ளைகள் குசினியில் பாதியைத் துணியால் மறைத்துக்கொண்டு. இளையவன் கல்யாணம் முடித்து இஸ்தோப்பு என்னும் முன்திண்ணையைத் தகரத்தால் அடைத்துக்கொண்டு அங்கே. ஒரு காம்பரா, மூன்று குடும்பம். கணக்கில் ஒன்று. ‘இத்தனை வீடு தேவை’ என்று நீங்கள் சொல்லும் எண்ணிக்கை காம்பராவை வைத்தா, குடும்பத்தை வைத்தா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். குடும்பத்தை வைத்தே எழுதுங்கள்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி: லயத்தின் இலக்கம், காம்பரா இலக்கம், கணவன் மனைவி இருவர் பெயரும், அடையாள அட்டை இலக்கங்கள், எத்தனை பேர், வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா, தோட்டத்தில் வேலையா வெளியிலா, வேறெங்கும் வீடோ காணியோ உண்டா, கூரையும் சுவரும் எப்படி.

‘தோட்டத்தில் வேலையா’ என்ற கட்டத்தை மறைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். மறைக்காதீர்கள். இன்று லயத்தில் இருப்பவர்களில் பலர் கொழும்பில் கடையிலோ, கார்மெண்டிலோ, டவுனில் ஆட்டோ ஓட்டியோதான் பிழைக்கிறார்கள். தோட்டத்தில் பெயர் இல்லாதவருக்கு வீடு இல்லை என்று நிர்வாகம் சொல்லும்; பரம்பரையாக இங்கே குடியிருப்பவருக்கு உரிமை உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த வாதத்துக்கு எண்ணிக்கை வேண்டும். பொய்யான பட்டியலை வைத்துக்கொண்டு அந்த வாதத்தை நடத்த முடியாது. தோட்டத்தின் வேலையாள் பதிவேடான செக்-ரோலைப் புரட்டினால் ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்படும்.

பட்டியல் முடிந்ததும் லயத்தில் எல்லோரும் இருக்கும் நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி, சத்தமாக வாசியுங்கள். விட்டுப்போன பெயர், இரண்டு முறை வந்த பெயர், டவுனில் வீடு கட்டிக்கொண்டு காம்பராவைப் பூட்டி வைத்திருப்பவர் பெயர், எல்லாம் அந்த இடத்திலேயே வெளியே வரும். சத்தம் வரும், வரட்டும். அடையாள அட்டை இலக்கங்களை மட்டும் வாசிக்காதீர்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடவும் விடாதீர்கள்.

3. குழு

ஏழெட்டுப் பேர் போதும். பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கட்டும். பகலில் ஆபீசுக்குப் போக நேரம் உள்ளவர் ஒருவர் கட்டாயம், ஏனென்றால் கொழுந்து எடுக்கப் போகிறவர் செயலகத்துக்குப் போனால் அன்றைய பெயர் (அந்த நாள் சம்பளம்) போய்விடும். பஸ் காசு, போட்டோகாப்பி செலவுக்கு ஒரு சிறு தொகையைச் சேர்த்து, கணக்கைக் கோயில் சுவரில் ஒட்டுங்கள்.

ஒரு தொழிற்சங்கத்துக்காரர்கள் மட்டும் இருக்கும் குழு தேர்தல் வந்தால் உடையும். எல்லாச் சங்கத்துத் தலைவர்மாரும் பெயருக்காவது இருக்க வேண்டும்.

4. நிலத்தைக் கேட்பதற்கு முன் மண்ணைப் பாருங்கள்

பலரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். இடத்தைக் காட்டி, காணிக்கு அலைந்து, கடைசியில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ‘இங்கே கட்டக்கூடாது’ என்று சொல்ல, எல்லாம் பழையபடி. மண்சரிவு அபாயம் உள்ள மலையக மாவட்டங்களில் அந்த நிறுவனத்தின் சிபாரிசு இல்லாமல் கட்டட அனுமதி நகராது.

இதற்கு இரண்டு அறிக்கைகள் தேவை. இரண்டும் வேறு வேறு. ஒன்று, இப்போது நீங்கள் இருக்கும் லயம் ஆபத்தானதா என்பது. அது கிடைத்தால் உங்கள் பெயர் முன்னுரிமைக்குள் போகும். மற்றது, புதிதாகக் கேட்கும் இடம் பாதுகாப்பானதா என்பது. முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டாவதை மறக்கும் குழுக்கள் உண்டு.

வேண்டுகோளைப் பிரதேச செயலாளர் வழியாக அனுப்புங்கள். அனுப்புமுன் நீங்களே சுற்றிப் பார்த்து எழுதுங்கள்: நிலத்திலோ சுவரிலோ புதிதாக வந்த வெடிப்பு, சாய்ந்த மரம், சாய்ந்த மின்கம்பம், இல்லாத இடத்தில் திடீரென்று வந்த ஊற்று, கலங்கி வரும் பீலித் தண்ணீர், முன்பு சுலபமாகச் சாத்திய கதவு இப்போது இறுகுவது. வெடிப்பின் மேல் ஒரு அடிமட்டத்தை வைத்துப் படம் எடுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொரு படம். அளவு கூடியிருந்தால் அந்த இரண்டு படமும் ஒரு பக்கக் கடிதத்தைவிட அதிகம் பேசும்.

அறிக்கை வந்ததும் பிரதி உங்கள் ஃபைலுக்கு வர வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தயில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே ஆபத்து இருக்கிறது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாகப் பின்னால்தான் வெளியே பேசப்பட்டது. அலுவலக அலுமாரியில் இருக்கும் எச்சரிக்கை லயத்தில் தூங்குகிறவருக்கு எந்தப் பயனும் தராது. அறிக்கையின் முக்கிய வரிகளைத் தமிழில் எழுதி லயத்தில் ஒட்டுங்கள். அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள். அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். 2025 நொவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் பட்ட பாட்டுக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

5. காணி

வீட்டையும் காணியையும் ஒரே சொல்லாகப் பேசுவதை நிறுத்துங்கள். சாவி கையில் இருந்தும் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லாத குடும்பங்கள் மலையகத்தில் ஏராளம். அவர்களால் அந்த வீட்டை வைத்து வங்கிக் கடன் எடுக்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது, பின்பக்கம் ஒரு அறை கூட்டிக் கட்டக்கூட யாரிடமாவது கேட்க வேண்டும்.

அளவை எழுத்தில் கேளுங்கள். 2015க்குப் பிறகு வந்த திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று இருந்தது. பின்னாளில் 10 பேர்ச் என்று பேசப்பட்டது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. அப்படியானால் 7 பேர்ச் சுமார் 1,905 சதுர அடி, 10 பேர்ச் சுமார் 2,722. இந்தத் திட்டங்களின் வீடு வழக்கமாக 550 சதுர அடி. மீதி நிலத்தில்தான் மரக்கறிப் பாத்தி, மாட்டுக் கொட்டில், நாளைக்கு மகனுக்கு ஒரு அறை. சரிவில் படி வெட்டினால் தட்டையாகக் கிடைப்பது இன்னும் குறையும். ஆகவே 3 பேர்ச் வித்தியாசத்தைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள்.

எந்த நிலம் என்பதையும் நீங்களே முன்மொழியுங்கள். தேயிலை நன்றாக விளையும் மலையைக் கேட்டால் கம்பனி கடைசிவரை இழுக்கும். விளைச்சல் குறைந்த, கைவிட்ட, பாதைக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று இடங்களை வரிசைப்படுத்திக் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் ஒரு ‘முடியாது’வோடு முடிந்துவிடும்.

பிறகு நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: காணியை விடுவிக்கக் கம்பனிக்கு ஆட்சேபம் உண்டா, இல்லையா. பதிலின் பிரதியோடு பிரதேச செயலகத்துக்கும் அமைச்சுக்கும் போங்கள். காணி விடுவிப்பு, நில அளவை, தனித்தனி வரைபடம், உறுதி என்று அது நகரும். எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டு, திகதியோடு கொப்பியில் எழுதுங்கள்.

6. இப்போது மனு

இவ்வளவும் முடிந்த பிறகு மனு எழுதுவது சுலபம். ஒரு பக்கம் போதும். ‘எமது மக்கள் பல தசாப்தங்களாகத் துன்பத்தில் வாடுகின்றனர்’ என்று தொடங்கும் மனுக்களை அதிகாரிகள் ஆயிரம் பார்த்திருக்கிறார்கள். இப்படி எழுதுங்கள்:

‘எமது டிவிசனில் 3 லயங்களில் 18 காம்பராக்கள் உள்ளன. அவற்றில் 41 குடும்பங்கள் வசிக்கின்றன (பட்டியல் இணைப்பு 1). 2ஆம் லயத்தின் பின்சுவரில் வெடிப்பு ஏற்பட்டுள்ளது (படங்கள் இணைப்பு 2). தனிவீடுகளுக்கு மூன்று இடங்களை முன்மொழிகிறோம் (வரைபடம் இணைப்பு 3). இவற்றைப் பரிசோதிக்க உரிய நிறுவனத்துக்கு அறிவிக்குமாறும், எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.’

டிவிசன் என்பது தோட்டத்தின் ஒரு பிரிவு. எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் எண்ணிக்கையைப் போடுங்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. வீடு, ரோடு, மைதானம், தபால் பெட்டி என்று எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கட்டினால், இருப்பதிலேயே லேசானதைச் செய்து கொடுத்து ஃபைலை மூடிவிடுவார்கள்.

தமிழிலேயே எழுதுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு.

7. பிரதேச சபைக்குள் செய்ய வேண்டியது

‘தோட்டத்துக்குள் சபைக் காசு செலவழிக்க முடியாது’ என்ற பதிலை இன்னும் சிலர் சொல்வார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படி ஒரு தடையாக இருந்தது உண்மை. 2018இல் அது திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை சேவை செய்ய வழி திறந்துவிட்டது. திருத்தச் சட்டத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதே ஆண்டு நடந்த உள்ளூராட்சித் தேர்தலோடு நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று தனிச் சபைகளும் வந்தன. உங்கள் டிவிசன் இப்போது எதற்குள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சபையிடம் 41 வீடு கேட்காதீர்கள், அதனிடம் அந்தப் பணம் கிடையாது. கேட்கக்கூடியது: வீடமைப்புக்கு ஆதரவான தீர்மானம், புதிய இடத்துக்கு அணுகுபாதை, வடிகால், தெருவிளக்கு, கட்டட அனுமதியை இழுக்காமல் கொடுப்பது. தீர்மானம் வெறும் காகிதம் என்று சிலர் சிரிப்பார்கள். அமைச்சுக்குப் போகும் ஃபைலில் சபையின் தீர்மானம் இருந்தால், கேட்பது ஒரு லயம் மட்டும் இல்லை என்று ஆகிவிடும்.

வழி இப்படி. முதலில் வட்டார உறுப்பினர். அவரிடம் ஃபைலைக் கொடுத்து, மாதாந்தக் கூட்டத்தில் பிரேரணையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிரேரணையின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்தால் அவருக்கும் லேசு. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். ஒருவர் கொண்டுவந்ததாலேயே மற்றவர் எதிர்ப்பது நம் சபைகளில் புதிதல்ல. வீடமைப்பு, சமூக அபிவிருத்திக்கென்று சபையில் ஒரு குழு உண்டு. உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் அதில் சேர்க்க இடமிருக்கிறது. அந்த இடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

காலம் முக்கியம். சபையின் வரவு செலவுத் திட்டம் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது. டிசம்பரில் போய்ப் பாதை கேட்டால் ‘அடுத்த வருடம்’ என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் போங்கள்.

8. பதில் வராவிட்டால்

முதலில் ஒரு நினைவூட்டல் கடிதம். அதற்கும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அதிகாரி இருக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ சும்மா இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதன் பிறகு இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.

‘ஏன் எங்களுக்கு வீடு தரவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. காரணம் கேட்பதைவிட ஆவணத்தைக் கேளுங்கள்: எங்கள் டிவிசனுக்குத் தயாரித்த பயனாளிப் பட்டியலின் பிரதி, தெரிவுக்கான சுற்றறிக்கை, காணி விடுவிப்புக் கடிதம், மண்சரிவு அறிக்கை. கம்பனியிடம் மல்லுக்கட்டுவதற்கு முன் அமைச்சிடமும் கூட்டுத்தாபனத்திடமும் கேட்டுப் பாருங்கள். கம்பனி எழுதிய கடிதங்கள் அங்கேயும் இருக்கும்.

மறியல், பேரணி எல்லாம் அப்புறம். ஃபைல் எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்த பிறகு அந்த மேசைக்கு முன்னால் நிற்பதில் அர்த்தம் இருக்கிறது.

9. பயனாளித் தெரிவு

41 குடும்பத்துக்கு 20 வீடு வந்தால்? வீடு வருமுன்பே லயத்தில் பேசி வரிசையை முடிவு செய்துவிடுங்கள். மண்சரிவு அபாயம், லயத் தீயில் எல்லாம் இழந்தவர்கள், ஒரே காம்பராவில் நெருங்கி இருப்பவர்கள், மாற்றுத்திறனாளி உள்ள வீடு, பெண் தலைமைக் குடும்பம் என்று அளவுகோலை எழுதி எல்லோரும் ஒப்பமிட்டால், யாருடைய ஆள் என்ற பேச்சு குறையும். முழுதாக நிற்காது, குறையும்.

முழு மானியமா, கடனும் உண்டா என்பதையும் இப்போதே கேளுங்கள். கடன் என்றால் எவ்வளவு, எத்தனை வருடம், சம்பளத்தில் பிடிப்பார்களா. தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு முதல் மாதச் சம்பளச் சீட்டில் பார்க்கும் நிலை வரக்கூடாது.

10. சாவியை வாங்குமுன்

தண்ணீர் வந்துவிட்டதா என்று குழாயைத் திறந்து பாருங்கள். குழாய் பொருத்தியிருப்பது போதாது. ஊற்று எங்கே, வறட்சியில் ஓடுமா, அதே ஊற்றிலிருந்து பழைய லயத்துக்கும் போகிறதா என்று கேளுங்கள். மின்சார இணைப்புக்கு யார் கடிதம் தர வேண்டும், மலசலகூடக் குழி கீழ்வீட்டுக்காரரின் ஊற்றுக்கு மேலே இருக்கிறதா, நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக முச்சக்கரவண்டி வீட்டுப் பக்கம் வருமா என்பதையும் பாருங்கள். குறைகளை எழுதி, படத்தோடு கொடுத்து, ஒரு பிரதியில் ஒப்பம் வாங்குங்கள். குடியேறிய பிறகு கொந்தராத்துக்காரரைப் பிடிப்பது கஷ்டம்.

உறுதியில் கணவன் மனைவி இருவர் பெயரையும் கேளுங்கள். ‘குடும்பத் தலைவர்’ என்று ஆண் பெயரை மட்டும் எழுதுவது பழக்கத்தால் நடப்பது. கேட்டால் மாற்றுவார்கள், கேட்காவிட்டால் அப்படியே போகும். பெயர் எழுத்தை அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே ஆளாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு திருத்துவதென்றால் சத்தியக்கடதாசியும் அலைச்சலும்தான். மாதிரி ஒப்பந்தத்தில் ‘தோட்டத்தில் வேலை செய்யும் வரை’ என்பது போன்ற ஒரு வரி இருந்தால் ஒப்பமிடுமுன் சட்ட உதவி ஆணைக்குழுவில் காட்டுங்கள்.

கடைசியாக, காலியாகும் காம்பரா. இதை யாரும் பேசுவதில்லை, அப்புறம் இதுதான் வழக்காகிறது. சாவி வாங்கும் அன்றே யாராவது தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். பட்டியலில் 21ஆம் இடத்தில் நின்று வீடு கிடைக்காதவராக இருக்கும், அல்லது பக்கத்து டிவிசன்காரராக இருக்கும். அபாய அறிக்கை உள்ள லயம் என்றால் இடிக்க வேண்டும் என்றும், இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்கும் குடும்பத்துக்குத் தற்காலிகமாகக் கொடுக்க வேண்டும் என்றும், தற்காலிகமாகப் போகிறவர் பெயர் வீட்டுப் பட்டியலிலிருந்து வெட்டப்படக்கூடாது என்றும் நிர்வாகத்தோடும் கிராம உத்தியோகத்தரோடும் எழுத்தில் பேசி முடியுங்கள். மீதி 21 குடும்பத்துக்கான மனுவை அதே ஃபைலில், இணைப்பு 1ஐத் திருத்தி, அந்த வாரமே கொடுங்கள்.